கையில் இருக்கும் துண்டை முதலில் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில், கைவேலைக் குறிப்புகள் வரும் பக்கத்தில், இன்ஜின் பிளாக்குக்குள் முறிந்து நின்ற போல்ட்டை எடுப்பது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. நடுவில் ஓட்டை போட்டு, ஈசி அவுட் என்ற இடது மரைக் கூம்புக் கருவியைச் செருகித் திருப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை என்றது அது. நான் அதைப் பத்திரிகையில் படிக்கவில்லை. ஒரு பிளாக்கோடு சேர்ந்து அது என் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் கிரீஸ். "இதுல போட்டிருக்கிற மாதிரியேதாங்க செஞ்சேன்" என்றார். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாவம், ஒன்று விடாமல் அப்படியேதான் செய்திருந்தார்.

நான் 34 வருடமாக லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துப் பிழைப்பவன். என்னிடம் முறிந்த போல்ட் வருவது குறைவு. முறிந்த போல்ட்டை எடுக்கப்போய், அதற்குள் முறிந்துபோன ஈசி அவுட்தான் அதிகம் வரும். ஆகவே, என் வருமானம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிற கடிதம் இது.

வந்தது நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினின் பிளாக், வார்ப்பிரும்பு. முழு இன்ஜின் வேலைக்காகப் பிரித்திருக்கிறார். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றும்போது ஓரத்து போல்ட் ஒன்று முறிந்திருக்கிறது. 12 எம்.எம். போல்ட், பிளாக்கின் மேல்முகத்துக்குக் கீழே ஆறு எம்.எம். ஆழத்தில் முறிவு. தங்கள் குறிப்பில் சொன்னபடி "நடுவில்" ஓட்டை போட்டிருந்தார். நடுவில் விழவில்லை. முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், கை டிரில் வழுக்கித் தாழ்ந்த பக்கம்தான் போகும். ஓட்டை கிட்டத்தட்ட இரண்டு எம்.எம். தள்ளி இறங்கியிருந்தது. அதில் ஈசி அவுட்டைச் செருகி இடது பக்கம் திருப்பியிருக்கிறார். அது முறிந்தது. முறிந்ததன் மேலேயே மறுபடி டிரில் வைத்திருக்கிறார். ஈசி அவுட் கண்ணாடி மாதிரிக் கெட்டி. டிரில் அதில் ஏறாமல் பக்கத்திலிருந்த மெத்தென்ற வார்ப்பிரும்பைத் தின்றுகொண்டு போயிருந்தது. மூன்று டிரில் பிட் நுனி கறுத்துப்போயிருந்தன, அவற்றையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நான் கேட்ட முதல் கேள்வி: "முறிஞ்ச மேல்துண்டு எங்க?"

"அது எதுக்குங்க? தூக்கிப் போட்டுட்டேன்."

தங்கள் குறிப்பில் அந்தத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டைக்குள் இருக்கும் பாதியை எப்படி எடுப்பது என்று மட்டுமே இருக்கிறது. போல்ட் முறிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிளாக்குக்குள் இருக்கும் பாதியை அல்ல, ஸ்பானரோடு கைக்கு வந்துவிட்ட பாதியை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மேஸ்திரி. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது ஒரு போல்ட்டை முறித்தேன். யாரும் பார்க்கவில்லை. ஈசி அவுட் போட்டு எடுத்துவிடலாம் என்று நானே இறங்கி, அதையும் முறித்துவிட்டு, மேலே ஒரு கந்தைத் துணியைப் போட்டு மூடிவிட்டுப் பக்கத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலம் மேஸ்திரி துணியை எடுத்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் குப்பைத் தகரத்தைக் கவிழ்த்து, நான் வீசிய போல்ட் தலையைத் தேடி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்கு, படி" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியற வரைக்கும் பாரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிய வருடங்கள் ஆயின.

என்ன எழுதியிருக்கும்?

போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி இழுத்திருந்தால், முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். மரைகளுக்கு நடுவே இடைவெளி விரிந்திருக்கும். நல்ல போல்ட்டின் மரையோடு சேர்த்துப் பிடித்தால் பல்லுக்குப் பல் பொருந்தாது. இப்படி முறிந்ததென்றால் உள்ளே இருக்கும் பாதியில் பெரும்பாலும் பிடிப்பு இல்லை. இழுவை போனதோடு அதன் இறுக்கமும் போயிற்று. கூர்மையான பஞ்ச்சை (சுத்தியலால் தட்டும் எஃகு ஆணியை) ஓரத்தில் சாய்த்து வைத்து இடது பக்கமாகச் சின்னச் சுத்தியலால் தட்டினால் தானாகச் சுற்றிக்கொண்டு மேலே வரும். நான் விரல் நுனியாலேயே திருகி எடுத்ததும் உண்டு.

ஓட்டத்தில் களைத்து முறிந்ததென்றால் இடுப்பு ஒடுங்காது. முறிந்த முகத்தில் ஓரத்தின் ஒரு புள்ளியிலிருந்து கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல வரிவரியாகப் பரவியிருக்கும். அந்தப் பகுதி வழவழப்பாக, சமயத்தில் பழுப்பேறி இருக்கும். கடைசியில் பட்டென்று விட்ட பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளபளக்கும். அந்த போல்ட் நேற்று முறியவில்லை. பல நாளாக முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. இதிலும் கீழ்ப்பாதி பல நேரம் தளர்வாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். கழற்றும்போது முறிந்தது. முகம் தட்டையாக, சுழி விழுந்த மாதிரி இருக்கும். கீழ்ப்பாதி நகராமல் நின்றது, மேல்பாதி சுற்றியது, நடுவில் அறுந்தது என்று அர்த்தம். எதனால் நகரவில்லை என்பதற்கு அக்கம்பக்கத்து போல்ட்களைக் கழற்றி நுனியைப் பாருங்கள். நுனி செம்பழுப்பாக இருந்தால் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடும்.

மேல்துண்டு இன்னொரு கணக்கும் சொல்லும். பக்கத்து போல்ட்டின் நீளத்திலிருந்து கையில் இருக்கும் துண்டின் நீளத்தைக் கழித்தால், உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துவிடும். டிரில்லில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டு இறங்கலாம். இல்லாவிட்டால் போல்ட்டையும் தாண்டிப் போய், அடியில் வாட்டர் ஜாக்கெட் (குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை) இருந்தால் அதையும் துளைத்துவிட்டு நிற்போம்.

இனி ஈசி அவுட். அந்தக் கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை. தளர்வாக நிற்கும் துண்டுக்கு அது நல்ல கருவி. ஆனால் தளர்வாக நிற்கும் துண்டு பஞ்ச்சுக்கே வந்துவிடும். துருவில் இறுகிய துண்டுக்குத்தான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள், அங்கேதான் அது உதவாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 12 எம்.எம். கனமுள்ள முழு போல்ட்டே முறுக்குத் தாங்காமல் அறுந்தது. அதற்குள் ஓட்டை போட்டு ஆறு எம்.எம். கம்பி ஒன்றைச் செருகி, அதே முறுக்கை அதன் வழியாகக் கொடுக்கப் பார்க்கிறோம். உருட்டுக் கம்பி தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது, அதாவது விட்டத்தை மூன்று முறை பெருக்கிய அளவு. விட்டம் பாதியானால் தாங்கும் முறுக்கு எட்டில் ஒன்று. ஈசி அவுட் இரண்டு மடங்கு கெட்டியான எஃகு என்றே வைத்துக்கொண்டாலும் நாலில் ஒன்றுதான் தேறும். போதாததற்கு அது கூம்பு வடிவம். திருகத் திருக உள்ளே இறங்கி, போல்ட்டின் மிச்சச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளி மரையோடு இன்னும் அழுத்தும். திறக்கப் பார்க்கிற கதவுக்கு நாமே வெளியிலிருந்து முட்டுக்கொடுப்பது போலத்தான்.

அப்படியானால் என்ன செய்வது?

எண்ணெய் விட்டுக் காத்திருங்கள் என்பார்கள். நானும் விடுவேன், ஒரு ராத்திரி ஊற விடுவேன், இடையிடையே பஞ்ச்சை வைத்துத் தட்டியும் கொடுப்பேன். தட்டுவதில் துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய்க்கு வழி. ஆனால் எந்த எண்ணெய் என்பதில் கொஞ்சம் மூடநம்பிக்கை இருக்கிறது. எல்லாப் பட்டறையிலும் இருக்கும் டபிள்யூ.டி-40, 1953-ல் அமெரிக்காவில் உருவானபோது துருவில் இறுகிய போல்ட்டுக்காக உருவாக்கப்பட்டதல்ல. உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டி, துரு வராமல் காப்பதற்காக. பெயரிலேயே அது இருக்கிறது, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்த நீர்விரட்டி என்று. நல்ல சரக்குதான். ஆனால் இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே தனியாக எண்ணெய்கள் இருக்கின்றன.

என் கைக்கு நம்பிக்கையான வழி வெல்டிங். முறிவு முகத்தோடு முகமாக, அல்லது ஓரிரண்டு எம்.எம். கீழே இருந்தால் வேறெதையும் நான் முதலில் முயற்சி செய்வதில்லை. எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பு என்பதால் முதலில் அங்கே எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். முறிந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். போல்ட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் சின்ன ஓட்டையுள்ள வாஷரை மேலே வைத்து, ஓட்டைக்குள் நடு மையத்தில் ஆர்க்கைத் தொடங்கி வாஷரோடு பிடிக்க வைக்க வேண்டும். பிறகு வாஷர் மேல் ஒரு நட்டை வைத்து அதன் உள்வாயை நிரப்ப வேண்டும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இன்னும் பிளாக்கில் இருந்தால் எர்த் கிளிப்பைக் கிராங்கில் மாட்டாதீர்கள், பிளாக்கிலேயே பக்கத்தில் மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் அங்கே புள்ளி விழும்.

நட் சிவந்து நிற்கும்போது ஸ்பானரை எடுக்காதவனே நல்ல மெக்கானிக். இந்த இடத்தில்தான் பையன்கள் எல்லோரும் தவறுகிறார்கள். போல்ட் சூடேறும்போது விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த வார்ப்பிரும்பு விடுவதில்லை. விரிய இடமில்லாமல் போல்ட் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. ஆறும்போது முன்னைவிட ஒரு நூலிழை மெலிந்து ஆறுகிறது, துருவும் நொறுங்குகிறது. சிவப்பு அடங்கி, நட்டின் நிறம் சாம்பலுக்கு வந்ததும் ஒரு மெழுகுவர்த்தியின் அடியை நட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தொடுங்கள். மெழுகு சட்டென்று உருகி ஓட்டையைச் சுற்றிக் கோடு மாதிரி ஓடும், ஒரு மினுக்கு மினுக்கிவிட்டுக் காணாமல் போகும். காணாமல் போனால் நல்லது, மரைக்குள் இறங்கிவிட்டது. அதன்பின் ரிங் ஸ்பானரைப் போட்டு, முதலில் கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கமே லேசாக ஒரு அசைவு. பிறகு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கும் பக்கம். ஒரு கட்டத்தில் கிறீச்சென்று நாய்க்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். கால் சுற்று முன்னே, எட்டில் ஒரு சுற்று பின்னே என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

முதல் தடவை நட் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும். இரண்டாவது தடவையும் வரலாம். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வெல்டும் உள்ளே ஒரு சூடு, ஒரு ஆறுதல். புகைக்குழாயைப் பிடிக்கும் ஒரு எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு (தலையில்லாத போல்ட்டுக்கு) ஐந்து நட் தின்னக் கொடுத்திருக்கிறேன், ஆறாவதற்குத்தான் அசைந்தது.

அலுமினிய பிளாக்காக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அங்கே சிக்கல் செந்துரு அல்ல, வெள்ளைப் பொடி. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்து அந்தப் பொடி மரையை அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வசதியும் இருக்கிறது: சூட்டில் அலுமினியம் எஃகைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 12 எம்.எம். ஓட்டையைச் சுற்றி நூறு டிகிரி கூட்டினால், போல்ட்டைவிட ஓட்டை 13 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் திறக்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், மரைக்கு அது போதும். வார்ப்பிரும்பு பிளாக்கில் இந்த வித்தை எடுபடாது, அதுவும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். அங்கே போல்ட்டை மட்டும் சுட வேண்டும். அலுமினியத்துக்கு நெருப்பு காட்டும்போது ஒன்று: அது இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கை செய்யாது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே. நிறம் மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மூலை சரிந்து கீழே விழும்.

படிகாரம் போட்டால் கரையும் என்று படித்தேனே, செய்யலாமா என்று போனில் கேட்பவர்கள் உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டுக்குள் முறிந்த எஃகுத் திருகைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கரைப்பார்கள், உண்மைதான். படிகாரம் இரும்பைத் தின்னும், பித்தளையை விட்டுவிடும். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. போல்ட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு.

முறிவு ஆழத்தில் இருந்து, வெல்டிங்கும் பிடிக்காமல் போனால் துளைக்கத்தான் வேண்டும். துளைப்பதென்று முடிவு செய்தால் மையம்தான் எல்லாமே. கண்ணால் மதிப்பிட்டுப் பஞ்ச் அடிக்காதீர்கள். அதே மரையுள்ள இன்னொரு போல்ட்டை லேத்தில் போட்டு நடுவே நான்கு எம்.எம். ஓட்டை போட்டு எடுத்தால் வழிகாட்டிக் குழாய் தயார். அதைப் பிளாக்கின் ஓட்டையில் முறிந்த முகம் வரை திருகி, அதன் வழியாக டிரில்லை இறக்கினால் அது எங்கே வழுக்கும்? முடிந்தால் இடது பக்கம் சுற்றும் டிரில் பிட் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி நேரம் துளைக்கும்போதே துண்டு சூடேறி, பிட்டோடு சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் படிப்படியாகப் பெரிதாக்கி, 12 எம்.எம். போல்ட்டுக்கு 10.2 வரை போகலாம். மையம் சரியாக இருந்தால் அதன்பின் மிஞ்சுவது மரைச் சுருள் மட்டுமே. நுனி மடித்த ஊசியால் ஒரு முனையைத் தூக்கி இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி உருவிக்கொண்டு வரும்.

இப்போது அந்த பிளாக்குக்கு வருகிறேன். இனி அதில் வெல்டிங் செய்ய முடியாது, ஈசி அவுட் அடைத்துக்கொண்டிருக்கிறது. சாதாரண டிரில் ஏறாது. ஸ்பார்க் மெஷின் இருந்தால் சுலபம். மின்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கும் முறை அது. எவ்வளவு கெட்டியான எஃகாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. 1943-ல் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதி கண்டது. மின்தொடர்புகள் பொறி பட்டுத் தேய்வதைத் தடுக்க வழி தேடப் போனவர்கள், தடுக்க முடியாத அந்தத் தேய்மானத்தையே கருவியாக்கிவிட்டார்கள். என்னிடம் அந்த மெஷின் இல்லை. பிளாக்கை மில்லிங் மெஷின் மேல் ஏற்றிக் கட்டினேன். கட்டுவதற்கே அரை நாள். மையத்தைக் கெட்டுப்போன ஓட்டையிலிருந்து எடுக்காமல், இரண்டு பக்கமும் இருந்த நல்ல ஓட்டைகளில் டயல் கேஜ் வைத்து அளந்து கண்டுபிடித்தேன். ஐந்து எம்.எம். கார்பைடு கட்டரால், ஒரு தடவைக்கு ஒரு மயிரிழை என்று இறக்கினேன். ஈசி அவுட் சுருளாக வராது, கரகரவென்று பொடியாகத்தான் வரும். எட்டு எம்.எம். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டர் கை நடுக்கம் தாங்காது. அதனால்தான் இதைக் கை டிரில்லில் முயற்சி செய்யாதீர்கள் என்று சொல்கிறேன்.

போல்ட் போனது. ஆனால் அவர் போட்ட கோணல் ஓட்டையால் ஒரு பக்கம் நான்கைந்து சுற்று மரை இல்லை. ஹெட் போல்ட்டுக்கு அப்படி விட முடியாது. ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்கென்று வரும் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளான ஹெலிகாயிலைப் புது மரையாக இறக்கினேன். கீழே திருகுவதற்கான சின்ன நாக்கை உடைத்து எடுத்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்வேன். ஒருமுறை அந்த நாக்கை எடுக்க மறந்த ஒருவரின் இன்ஜினில், போல்ட் அடிவரை போகாமல் நின்று, ஹெட் ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருந்தது.

துகளைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒன்றுமே இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். துளைக்கும் முன் பக்கத்திலிருக்கும் ஆயில் ஓட்டைகளையும் சிலிண்டர்களையும் கிரீஸ் தடவிய துணியால் அடைக்க வேண்டும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடி கனம்தான். அங்கே ஒரு எஃகுத் துகள் போய் உட்கார்ந்தால், போல்ட்டை எடுத்த சாமர்த்தியத்துக்கு அர்த்தமே இல்லை. முடிந்தபின் பிரஷ் விட்டுக் கழுவி, காற்று அடித்து, மறுபடி கழுவ வேண்டும். காற்று அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடி மூடிய ஓட்டை, அதில் அடித்த காற்று நம் முகத்துக்குத்தான் திரும்பி வரும்.

அந்த அடி மூடிய ஓட்டைகளால்தான் மறுபடி பூட்டும்போது பாதி போல்ட் முறிகிறது என்பது என் அனுபவம். உள்ளே எண்ணெயோ தண்ணீரோ நின்றால் போல்ட் அதைப் பிஸ்டன் மாதிரி அழுத்தும். திரவம் அமுங்காது. டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளக்கும் ஸ்பானர்) "கட்" என்று சொல்லும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. சில நேரம் பிளாக்கே வெடிக்கும். அதே போல, கம்பெனி உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுக்கக் கூடாது. நாம் ஸ்பானரில் கொடுக்கும் வலுவில் தோராயமாகப் பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசலிலேயே போய்விடுகிறது, இன்னொரு நாற்பது சதவீதம் மரை உரசலில். பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து ஹெட்டைப் பிடிக்கிறது. எண்ணெய் விட்டு உரசலைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தப் பத்து, பதினைந்தாக ஏறிவிடும். போல்ட் இடுப்பு ஒடுங்குவது அங்கேதான். டிகிரிக் கணக்கில் இறுக்கச் சொல்லும் இன்ஜின்களில் போல்ட்டை நீளும் எல்லைவரை இழுத்தே பூட்டுகிறார்கள்; அவற்றில் பலவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே போடுபவர்களின் பிளாக்கும் என்னிடம்தான் வருகிறது.

ஒரு தடவை ஒரு இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். ஒரு போல்ட் தலை ஸ்பானர் வைத்ததும் முனகலே இல்லாமல் கையோடு வந்தது. கீழே உடல் இல்லை. யாரோ எப்போதோ முறித்துவிட்டு, தலையை மட்டும் கேஸ்கெட் பேஸ்ட்டால் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கீழ்ப்பாதி பஞ்ச்சுக்கே வந்தது, பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்து, ஹெட்டை ஒரு போல்ட் குறைவாகவே ஓட விட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே என்னுடைய அந்தக் கந்தைத் துணியும் ஞாபகம் வந்தது. நான் பேசத் தகுதியுள்ளவன் அல்ல.

என் பட்டறையில் இப்போது ஒரு பையன் இருக்கிறான். போன மாதம் வாட்டர் பம்ப் போல்ட் ஒன்றை முறித்தான். சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை, லேத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, இடுப்பு ஒடுங்கலண்ணே, சுழி விழுந்திருக்கு" என்று தலைத்துண்டை நீட்டினான். அன்று அந்த வேலையை அவனையே செய்யச் சொன்னேன். இரண்டாவது நட்டில் வந்தது.

தங்கள் குறிப்பை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவருக்குப் பழக்கமான போல்ட்கள் தளர்வாக நின்றவையாக இருந்திருக்கலாம், ஈசி அவுட் அவருக்குக் கை கொடுத்திருக்கும். ஆனால் "ஐந்து நிமிட வேலை" என்ற வரியை நம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரில்லை எடுக்கிறார். அடுத்த வார இணைப்பிலேயே ஒரு திருத்தம் போட்டால், அந்தத் தாளை வெட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன் ஒருவன்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)

பி.கு.: குறிப்போடு வந்த கட்டத்தில் 10 எம்.எம். போல்ட்டுக்குக் கடைசி டிரில் 9 எம்.எம். என்று அச்சாகியிருக்கிறது. சாதாரணமாக வரும் 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) மரைக்கு அது 8.5 என்று இருக்க வேண்டும். 9 போட்டால் பிளாக்கின் மரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுந்துவிடும். 10 எம்.எம். போல்ட் 1.25 பிட்ச்சிலும் வருகிறது, அதற்கு 8.8. எந்தப் பிட்ச் என்பதையும் கையில் இருக்கும் துண்டுதான் சொல்லும்.